தொட்டவர்களின் மரம்

இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. அதற்குள் சென்னியப்பனின் தோலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களைக் காலி செய்து, வேறு கோடிக்கணக்கானவற்றைக் குடியமர்த்த வேண்டும். புதிதாக வருபவை வேர்பிடிக்க ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். அதனால் யாருடைய தோலிலிருந்து கொண்டுவருவது என்பது இன்று சாயங்காலத்துக்குள் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் அறுவைச் சிகிச்சை இல்லை. அறுவைச் சிகிச்சை இல்லாவிட்டால், அவருடைய இதயத்தில் சுருங்கிக்கொண்டிருக்கும் வால்வு இன்னும் சில வாரங்கள்தான் தாங்கும்.

லிஃப்டில் மேலே போகும்போது நிறைமதி சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டாள். கதவு திறந்ததும் பாதி மறந்துபோயிற்று. கோயம்புத்தூரின் அந்தப் பெரிய மருத்துவமனையில், மரபணு வாசிக்கும் பிரிவில் அவளுக்கு இது இரண்டாவது வருடம். மனிதர்களிடம் பேசப் போனால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பாக்டீரியாவிடம் அந்தத் தொல்லை கிடையாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்.

சென்னியப்பன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சென்னிமலைப் பக்கம் விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவர். அறுபதைத் தாண்டியவர். மூச்சு வாங்கியது, பேச்சு குறையவில்லை.

“வாங்கம்மிணி. நேத்து பஞ்சுக்குச்சியில மேலெல்லாம் தேச்சிட்டுப் போனீங்களே, பாஸா பெயிலா?”

“பெயில், சார்.”

“பள்ளிக்கூடத்தை விட்டதுக்கப்பறம் இப்பத்தான் பெயிலாகறேன். என்ன பாடத்துலீங்?”

அவருடைய மனைவி பொன்னாத்தாள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. நிறைமதி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“எல்லார் தோல்லயும் ஒரு பாக்டீரியா இருக்கும், சார். சாது. வெளியிலேருந்து கெட்டது வந்தா அண்டவிடாது. நமக்குக் காவல் மாதிரி. உங்ககிட்ட இருக்கறதோட மரபணுவை ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் படிச்சுப் பார்த்தோம். அஞ்சாறு மரபணு புதுசா சேர்ந்திருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி கால் புண்ணுக்காக மாசக்கணக்கா மருந்து சாப்பிட்டீங்கல்ல, அப்ப சேர்ந்திருக்கணும். தோல்மேல இருந்தா இப்பவும் ஒண்ணும் பண்ணாது. உடம்புக்குள்ள ஒரு உலோகமோ பிளாஸ்டிக்கோ கிடைச்சா, அதுமேல ஒட்டிக்கிட்டு கூடு கட்டிக்கும். கூட்டுக்குள்ள மருந்து நுழையாது.”

“புது வால்வு வெச்சா அதுலயே வூடு கட்டிக்கும்ங்கறீங்.”

“ஆமா, சார்.”

“சரி, அதையத் தொரத்திட்டு வேற ஆளோடத வெச்சுவுடுங். தோல் வங்கியில இருக்குதாமே.”

“எவ்வளவு துரத்தினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வேற ரகம் வந்தா அந்த மிச்சமே அடிச்சு விரட்டிடும். அதே ரகமா இருந்தா மட்டும் இடம் விடும். உங்க ரகமாவும் இருக்கணும், கெட்டுப்போகாததாவும் இருக்கணும்.”

சென்னியப்பன் சிரித்தார். “எங்கூர்ல வூடு வாடகைக்கு வுடற மாதிரியே இருக்குதுங்க. நம்ம ஆளுகளுக்கு மட்டும்.”

அந்த அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

“இந்த ரகம் ரத்தத்துல வர்றதில்ல, சார். தொட்டுத் தொட்டு வர்றது. ஒரே வீட்டுல வருஷக்கணக்கா இருந்தவங்க தோல்ல ஒரே குடும்பம்தான் இருக்கும். அதனால கேக்கறேன். உங்ககூட ஒரே வீட்டுல இருந்தவங்க யார் யாரு?”

“அப்பனும் ஆத்தாளும் போயிச் சேந்துட்டாங்க. இப்ப நானும் இவளுந்தானுங்.”

“குழந்தைங்க...”

“இல்லீங்.”

கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. பொன்னாத்தாள் சொட்டுமருந்துப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறைமதி பஞ்சுக்குச்சியை எடுத்து அவளருகில் போனாள். கழுத்து, முழங்கை மடிப்பு, இடது உள்ளங்கை. வலது கையை நீட்டச் சொன்னபோது பொன்னாத்தாள் ஒரு நொடி தயங்கினாள். விரித்த கையில் மருதாணி சிவந்திருந்தது. நடுவில் ஒரு கோணல் வட்டம், சுற்றிலும் புள்ளிகள். பஞ்சுக்குச்சி விலகியதும் கை மூடிக்கொண்டது.

இரண்டாவது மாடி ஆய்வுக்கூடத்தில் அந்தோணி டீயோடு காத்திருந்தான். இயந்திரத்தை ஓட்டுவது அவன் வேலை. அவளைக் கிண்டல் செய்வது அவனே எடுத்துக்கொண்ட உபரி வேலை.

“பேசினியா, இல்ல போய் நின்னுட்டு வந்துட்டியா?”

“பேசினேன்.”

“அவருக்குக் காது கேட்டுச்சா?”

அவள் மாதிரிகளை இயந்திரத்தில் வைத்தாள். முன்பெல்லாம் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை முழுதாக வாசிக்க நாட்கள் ஆகும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறாள். இப்போது ஒரு டீ ஆறும் நேரம். திரையில் பொன்னாத்தாளின் கழுத்தும் முழங்கையும் சிவப்பாக வந்தன. கணவரிடம் இருக்கும் அதே கெட்டுப்போன ரகம்.

“வீடே சிவப்பு. இனி வங்கிதான்” என்றான் அந்தோணி.

தோல் வங்கியில் எட்டு லட்சம் பேருடைய வாசிப்புகள் இருந்தன. பெயர் இல்லை, ஊர் இல்லை, வெறும் எண்கள். நிறைமதி தேடலை முடுக்கினாள். திரையின் அடியில் சென்னியப்பனின் ரகம் ஒரு புள்ளியாக நின்றது. அதற்கு மேல் கிளைகள் முளைக்கத் தொடங்கின. தூரத்துச் சொந்தங்கள் முதலில் வந்தன. ஓரமாக ஒரு கொத்து. பிறகு அதைவிட நெருக்கமாக இன்னொரு கொத்து. அவளுக்கு இந்த நேரம்தான் பிடிக்கும். முகமே தெரியாத ஆட்கள், எப்போதோ யாரோ யாரையோ தொட்டதால், ஒரே மரத்தில் வந்து உட்காருவார்கள்.

பிறகு, சென்னியப்பனின் புள்ளிக்குப் பக்கத்திலேயே, ஒட்டியபடி, ஒரு பச்சைப் புள்ளி.

“அந்தோணி!”

அவன் டீயைக் கொட்டிக்கொண்டான். “ஏய், உனக்கு இவ்வளவு சத்தம் வருமா? ரெண்டு வருஷமா மைக்ரோஸ்கோப் வெச்சுல்ல உன் குரலைத் தேடிட்டிருந்தேன்.”

“இதைப் பாரு. அதே ரகம். அப்படியே அதே ரகம்.”

“கெட்டுப்போன மரபணு?”

“ஒண்ணுகூட இல்ல.”

 அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு பாக்டீரியா தன்னைப் பிரதி எடுக்கும்போது அவ்வப்போது எழுத்துப்பிழை விடும். வருடத்துக்கு இத்தனை என்று ஏறக்குறைய ஒரு கணக்கு உண்டு. பிழைகளை எண்ணினால், இரண்டு கிளைகள் எப்போது பிரிந்தன என்று சொல்லிவிடலாம். அவள் எண்ணினாள். நம்பாமல் மறுபடியும் எண்ணினாள்.

“பதினோரு வருஷம். அதுக்கு முன்னாடி வரைக்கும் ரெண்டும் ஒரே கிளை. ஒரே வீட்டுல இருந்திருக்காங்க. ரொம்ப வருஷம் இருந்திருக்காங்க.”

“அவர்தான் யாரும் இல்லன்னாரே.”

“ஆமா. சொன்னார்.”

இருவரும் திரையைப் பார்த்தார்கள். எண்ணுக்குக் கீழே பூட்டுச் சின்னம் இருந்தது. அதைத் திறக்க அவர்களால் முடியாது. அவர்களுக்குத் தெரியவும் கூடாது.

வங்கி தொடங்கிய புதிதில் அந்தப் பூட்டு இல்லை. மரத்தை வைத்து யார் யாரைத் தொட்டார்கள் என்று சொல்லிவிடலாம் என்பது வெளியே தெரிந்ததும், கணவர்கள் மனைவிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பாக்கள் பெண்பிள்ளைகளின் தலையணை உறையைப் பையில் போட்டு எடுத்துவந்தார்கள். ஒரே மாவட்டத்தில் இரண்டு பெண்கள் உயிரோடு வீடு திரும்பவில்லை. அதன்பிறகுதான் சட்டம் வந்தது. கொடுப்பவர், பெறுபவர் இருவரும் தங்கள் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். பெறுபவர், கொடுப்பவரின் பெயரையும் உறவையும் தானே சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி ஆட்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. வேறு யாரும் அவருக்காகச் சொல்லவும் கூடாது.

“கொடுக்கறவங்க பக்கம் பச்சை. பதியும்போதே சம்மதம் சொல்லிட்டாங்க” என்றான் அந்தோணி. “எப்பப் பதிஞ்சிருக்காங்க பாரு. போன மாசம்.”

“அவருக்கு வால்வு மாத்தணும்னு முடிவானதும் போன மாசம்தான்.”

“அட.”

அப்போது இயந்திரம் இன்னொரு முறை சத்தமிட்டது. கடைசி மாதிரி. பொன்னாத்தாளின் வலது உள்ளங்கை. அதுவும் சிவப்புதான். ஆனால் சிவப்புக்கு நடுவே மிகச் சிறிய அளவில் பச்சை இருந்தது. நிறைமதி அதன் பிழைகளை எண்ணினாள். பூட்டிய எண்ணில் இருந்த புதுப் பிழைகள் எல்லாம் அதிலும் இருந்தன, கடைசிப் பிழை வரைக்கும். பதினோரு வருடம் பழையது இல்லை இது. இந்த வாரத்தது.

கோணல் வட்டமும் புள்ளிகளும் அவள் கண்முன் வந்தன.

அந்தோணியும் பார்த்துவிட்டான். மெதுவாக விசிலடித்தான். “அந்தக் கையிலேருந்தே எடுத்து வளர்த்துட்டா? பூட்டே திறக்க வேண்டாமே.”

“உயிரோட இல்ல. வாசல்ல கைக்கு மருந்து ஊத்தறாங்கல்ல. நாம படிக்கறது வெறும் மிச்சம்.”

“அப்ப இந்த அம்மாவுக்கு ஆள் யாருன்னு தெரியும்.”

“தெரியும்.”

“அவருக்குத் தெரியாம.”

நிறைமதி அறிக்கையைத் திறந்தாள். அறிக்கையில் அவளிடம் கேட்கப்பட்டது ஒன்றுதான்: மனைவியின் தோல் உதவுமா, உதவாதா. ‘உதவாது’ என்று எழுதினாள். வலது உள்ளங்கை வரியை எழுதவில்லை. அந்தோணி டீக்கறையைத் துடைத்துக்கொண்டே, “நான் எதையும் பாக்கல” என்றான்.

மேல்மாடி வராந்தாவில் பொன்னாத்தாள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நிறைமதியைக் கண்டதும் சொம்பை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“கெடச்சிருச்சுங்களா அம்மிணி?”

“கிடைச்சிருச்சும்மா. அருமையான ரகம். ஆனா பேரை அவர்தான் சொல்லணும்.”

“நாஞ் சொன்னா ஆவாதுங்களா?”

“ஆகாதும்மா. சட்டம்.”

பொன்னாத்தாள் தலையாட்டினாள். பிறகு, மூடிய கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “இந்தக் கையில ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?”

நிறைமதி வராந்தாவின் இரு பக்கமும் பார்த்தாள். “தெரிஞ்சுது. எங்கயும் எழுதல. அவர்கிட்ட சொல்லவும் மாட்டேன்.”

“கையக் கழுவாம ஒரு நாளும் வூட்டுக்குள்ள போனதில்லீங்க. சீக்காயெல்லாம் போட்டுத் தேச்சுத்தான்...” அவள் முடிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “போன மாசம் டாக்டரு தோலப் பத்திச் சொன்னப்பவே போயிச் சொன்னனுங். அன்னைக்கே ஓடிப் போயிப் பதிஞ்சிருச்சு. இப்பவும் காலையில இருந்து கீழ கேண்டீன்லதான் உக்காந்திருக்குது. அவரு வாயால கூப்புடாம மேல வராதாம். இவரு கூப்புடமாட்டாராம். ரெண்டும் ஒரே ரகமுங்க. நீங்க இயந்திரம் வெச்சுப் பாக்கவே தேவையில்ல.”

உச்சிவெயில் ஜன்னல் கண்ணாடியில் அடித்தது. கீழே அவிநாசி சாலை மேம்பாலத்தில் வண்டிகள் வரிசையாக ஊர்ந்தன. நிறைமதி சம்மதம் பதியும் ஒலிப்பதிவுக் கருவியைச் சென்னியப்பனின் கட்டில் தட்டில் வைத்தாள். இந்த முறை ஒத்திகை பார்க்கவில்லை.

“ஒருத்தர் இருக்காங்க, சார். நூத்துக்கு நூறு பொருந்துது. நீங்க அவங்க பேரும் உறவும் சொன்னா போதும். இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்.”

சென்னியப்பன் கருவியைப் பார்த்தார். மனைவியைப் பார்க்கவில்லை.

“தப்பாப் பாத்திருப்பீங்க.”

“ரெண்டு தடவை எண்ணினேன்.”

“எனக்கு ஆருமில்லீங்கம்மிணி. இருந்த ஒண்ணும் வேற ஆளுகள்ல கட்டிட்டுப் போயிருச்சுன்னு, பதினோரு வருசத்துக்கு முந்தி பவானி கூடுதுறைக்குப் போயித் தலை முழுகியாச்சு. செத்தவிகளுக்குப் பண்றதெல்லாம் பண்ணி, மொட்டையும் போட்டாச்சு. ஊரே பாத்துச்சு.”

நிறைமதி சட்டென்று நிமிர்ந்தாள். பதினோரு வருடம் என்று அவள் இந்த அறையில் சொல்லவே இல்லை. எழுத்துப்பிழைகளை எண்ணி எண்ணிக் கண்டுபிடித்ததை, இந்த மனிதர் படுக்கையில் சாய்ந்தபடி சொல்லிவிட்டார். அந்தப் பரபரப்பில் அவளுக்குக் கூச்சமே மறந்துபோயிற்று.

“முழுகினா போகாதுங்க, சார்.”

“என்னங்?”

“அது தோல்மேல இல்ல. மயிர்க்கால் குழிக்குள்ள இருக்கு. தண்ணியும் சோப்பும் மேல இருக்கறதைத்தான் எடுக்கும். நீங்க கரையேறித் தலை துவட்டறதுக்குள்ள உள்ள இருந்தது மேல வர ஆரம்பிச்சிருக்கும். ராத்திரிக்குள்ள பழையபடி ஆயிருக்கும்.”

“மொட்டை போட்டனே.”

“முடிதான் போகும். குழி அப்படியேதான் இருக்கும்.”

“எத்தன முழுக்குப் போட்டாலுமா?”

“காவேரி பூரா முழுகினாலும்.”

அவர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “அப்ப அன்னைக்குக் கார்ல திரும்பி வந்தப்ப...”

“உங்ககூடத்தான் வந்துச்சு.”

பொன்னாத்தாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பறம் எப்பிடிங்க எங்கிட்ட கெட்டுப்போச்சு?”

“புண்ணு, மருந்து, ஆஸ்பத்திரி. அது பிழைக்கறதுக்காக மாறிடுச்சு. உங்க தப்பு இல்ல.”

“அங்க?”

“அங்க மாறல.”

“கொஞ்சங்கூடக் கெட்டுப் போவுலீங்களா?”

“இல்ல, சார். எட்டு லட்சத்துல இதைவிட நல்ல ரகம் நான் பார்த்ததில்ல.”

“நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க.”

“பாக்டீரியாவைத்தான் சொன்னேன், சார்.”

“நானும் அதையத்தானுங்க கேட்டேன்” என்றார் சென்னியப்பன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.  “எப்பிடிப் பண்ணுவீங்க? ஊசியா?”

“ஊசி இல்ல. முதல்ல உங்க தோலைச் சுத்தம் பண்ணிடுவோம். அப்பறம் அவங்க பக்கத்துல உக்காந்து, உள்ளங்கையை உங்க நெஞ்சுமேல வெச்சிருக்கணும். அறுக்கப்போற இடத்துல. அஞ்சாறு மணி நேரம். அவ்வளவுதான்.”

“அஞ்சாறு மணி நேரமா.”

“நடுவுல சாப்பிடக் கொள்ள எழுந்திரிக்கலாம்.”

“சும்மா கையை வெச்சுட்டு?”

“சும்மா வெச்சுட்டு. பேசணும்னுகூட இல்ல.”

அவர் கையை எடுத்துத் தன் நெஞ்சின் நடுவில் வைத்துப் பார்த்துக்கொண்டார், அந்த இடம் எது என்று தெரிந்துகொள்பவர்போல. பிறகு முதல்முறையாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

“ஏ புள்ள. அந்தக் கையைக் காட்டு.”

பொன்னாத்தாள் நிறைமதியைப் பார்த்தாள்.  நிறைமதி, தான் எதுவும் சொல்லவில்லை என்று கண்ணாலேயே சொன்னாள்.

“வெள்ளிக்கெழமையானா அவிநாசி கோயிலுக்குப் போயிட்டு வர்றயே. எந்தச் சாமி உனக்கு மருதாணி வெச்சுவுடுது?”

பொன்னாத்தாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“பெரியவிய வெச்ச மாதிரியும் இல்ல. கோணல் மாணலா இருக்குது.”

“பையனுங்” என்றாள் பொன்னாத்தாள். குரல் வெளியே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“என்ன வயசு?”

“ஆறு முடிஞ்சுதுங்.”

சென்னியப்பன் அவள் கையை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவிலிருந்த வட்டத்தின்மேல் கட்டைவிரலை வைத்தார்.

“போன மாசத்துக்கு இந்த மாசம் பரவாயில்ல” என்றார். “வட்டம் வட்டமா வருது.”

பொன்னாத்தாள் விம்மி அழுதாள். அவர் கையை விடவில்லை. ‘அவருக்குத் தெரியாம’ என்று அந்தோணி சொன்னது நிறைமதிக்கு ஞாபகம் வந்தது. அறிக்கையில் எழுதாமல் விட்ட அந்த வரியை இந்த மனிதர் வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாட்டுத் தட்டில் சோறு போடும் கையில் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார்.

“அந்தக் கருவியை இப்பிடித் தள்ளுங்கம்மிணி” என்றார்.

நிறைமதி பொத்தானை அழுத்தினாள். சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு செய்யப்பட்ட ஒரு பெண்குரல், அவசரமில்லாமல், கொடுப்பவரின் பெயரைக் கேட்டது.

“சுகந்தி.”

பதினோரு வருடமாக அந்த வாயில் வராத பெயர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். “செ. சுகந்தி.”

விளக்கு மஞ்சளானது. பெண்குரல் அடுத்த கேள்வியைக் கேட்டது. அவர் உங்களுக்கு என்ன உறவு?

மேம்பாலத்தில் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். பொன்னாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறைமதிக்குப் பதில் தெரியும், எடுத்துக்கொடுக்கக் கூடாது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். சென்னியப்பன் கருவியை இரண்டு கையாலும் எடுத்து, வாய்க்கு மிக அருகில் கொண்டுபோனார்.

“என்ற பொண்ணு.”